தடை போடுவதற்கு முன் யார் எண்ணினார்கள்?

பொரளையில், டானிஸ்டர் டி சில்வா மாவத்தையில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. என்றால்தான் த்ரீவீல்காரருக்கு விளங்கும் (ஸ்கேன் எடுக்கிற எம்.ஆர்.ஐ. இல்லை). விசர் என்று சந்தேகப்படுகிற நாய் யாரையாவது கடித்துவிட்டுச் செத்துப்போனால், அதன் தலையை வெட்டி, ஐஸ் போட்டு, ஒழுகாதபடி கட்டி இங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். உள்ளே மூளையில் கொஞ்சம் எடுத்து நுண்நோக்கியில் பார்த்து, விசர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லுவார்கள். அந்த ஒரு பதிலை வைத்துத்தான் கடிபட்ட ஆளுக்கு என்ன சிகிச்சை, அந்த நாயோடு பழகியவர்களுக்கு ஊசி தேவையா, அந்த ஏரியாவில் மற்ற நாய்களுக்குத் தடுப்பூசி போட ஆள் அனுப்ப வேண்டுமா என்பதெல்லாம் முடிவாகும். 1973-ல் இலங்கையில் விசர்நோயால் செத்தவர்கள் 377 பேர். இப்போது வருடத்துக்கு 20, 30 என்ற அளவில்தான் நிற்கிறது. நாய்களுக்குத் தடுப்பூசி, அரசாங்க ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கு இலவச ஊசி, அதோடு இந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொப்பியில் எழுதிவைத்த ஆட்கள். மூன்றும் சேர்ந்துதான் இது நடந்தது.

நாய்த் தலையில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வு நிலையம் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு, கையில் ஒரு ஃபைல், மதியம் பஃபே. அதுவும் நடக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாட்டின் பொதுச் சுகாதாரத்தையோ சமூகக் கொள்கையையோ மாற்றுகிற ஆய்வு அநேகமாக இந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. வருடக்கணக்காக ஒரே விஷயத்தை ஒரே மாதிரி எண்ணிக்கொண்டிருப்பது. சலிப்பான வேலை. நானும் அந்தச் சலிப்பான வேலையில்தான் இருக்கிறேன், கொழும்பில் ஒரு ஆய்வு நிலையத்துக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவள். பெயர் வேண்டாம், அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்க வேண்டும்.

இந்த நாட்டில் சுகாதாரத்தின் பெயரால் போட்ட தடைகளை மட்டும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று பெருந்தொகையான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இன்னொன்று தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் முதுகை ஒடித்தது. இன்னொன்று பச்சைக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பறித்து எரித்தது. எல்லாவற்றுக்கும் அதே மாதிரி வர்த்தமானி, அதே மாதிரி கையெழுத்து. வித்தியாசம் எங்கே என்றால், தடைக்கு முன்னாலும் பின்னாலும் யாராவது எண்ணிக்கொண்டிருந்தார்களா என்பதில்.

முதலில் காப்பாற்றிய கதை. இது தற்கொலை பற்றியது, மனம் சரியில்லாத நேரமாக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள், பேச யாராவது வேண்டுமென்றால் 1926-க்கு எடுக்கலாம்.

1995-ல் இலங்கையில் 1 லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிக மோசமான எண்ணிக்கைகளில் ஒன்று. யுத்தம், வறுமை, காதல் தோல்வி, குடி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். காரணங்கள் எதுவும் பொய் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் புரட்டியவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. செத்தவர்களில் பெரும்பங்கு வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தவர்கள். அதைவிட முக்கியமானது, தப்பியவர்களிடம் கதைத்தபோது பலர் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று தெரிந்தது. புருஷனோடு சண்டை, அப்பாவின் ஒரு ஏச்சு, அந்தக் கோபத்தில் வீட்டு மூலையில் இருந்த போத்தல். கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தக் கோபம் ஆறியிருக்கும். சாவதும் பிழைப்பதும் அந்த மூலையில் எந்தப் போத்தல் இருந்தது என்பதில் தங்கியிருந்தது.

இது தெரிந்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. மக்களின் மனத்தை எப்படி மாற்றுவது என்ற கேள்விக்கு யாரிடமும் சீக்கிரமான பதில் இல்லை. அந்த மூலையில் இருக்கிற போத்தலை எப்படி மாற்றுவது என்பதற்குப் பதில் இருந்தது. பாரத்தியான் போன்றவை 1984-லேயே போய்விட்டன. 1995-ல் அதிக நச்சு என்று வகைப்படுத்தப்பட்ட மருந்துகளின் இறக்குமதி நின்றது, 1998-ல் எண்டோசல்பான். 2002-க்குப் பிறகு பேராதனையை மையமாக வைத்து இயங்கிய ஒரு ஆய்வுக் குழு அனுராதபுரம், பொலனறுவை ஆஸ்பத்திரிகளில் விஷம் குடித்து வந்த ஒவ்வொருவரையும் பதிந்தது: என்ன மருந்து, எவ்வளவு நேரத்தில் வந்தார், பிழைத்தாரா. இப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்தபோது, எல்லாப் பூச்சிமருந்தும் ஒன்றில்லை என்பது கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரே நச்சு வகைக்குள் இருந்த மருந்துகளிலேயே ஒன்று இன்னொன்றைவிடப் பல மடங்கு ஆட்களைக் கொன்றது. பரக்குவாட் என்ற களைகொல்லியைக் குடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கவில்லை. உலக அளவிலான பட்டியல்கள் எலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியவை, இது மனிதர்களைப் பார்த்து எழுதியது. 2008-க்கும் 2011-க்கும் இடையில் பரக்குவாட், டைமெத்தோயேட், ஃபென்தியன் மூன்றும் படிப்படியாக வெளியேற்றப்பட்டன.

பிறகு இன்னொரு வேலையும் செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இந்த மருந்துகளை நிறுத்தினால் நெல் விளைச்சல் விழுந்துவிடும் என்று கம்பனிகள் பயமுறுத்தின இல்லையா, அதையும் எண்ணிப் பார்த்தார்கள். விழவில்லை. இந்த ஒரு பதில் இல்லாமல் விவசாய அமைச்சு அடுத்த தடைக்குச் சம்மதித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

1995-க்கும் 2015-க்கும் இடையில் தற்கொலை வீதம் 70 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. விஷம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் குறைந்துவிடவில்லை, கவனியுங்கள். வந்தவர்கள் உயிரோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த 20 வருடத்தில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறக்குறைய 93,000 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்காக எந்த அரசியல்வாதியும் சிலை கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது, சாகாமல் போனவருக்குத் தான் சாகாமல் போனது தெரியாதே.

சரி, இனி மற்றத் தடைகள்.

வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து காரணம் பிடிபடாத சிறுநீரக நோய். இன்றைக்கு வரைக்கும் தண்ணீர், வெயில், இரசாயனம் என்று பல சந்தேகங்கள், ஒரே காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. 2014-ல் ஒரு கட்டுரை வந்தது: களைகொல்லியான கிளைபோசேட்டும் கடினநீரும் சேர்ந்து இதைச் செய்யலாம் என்று. ‘லாம்’தான். ஊகம் என்று அதை எழுதியவர்களே சொன்னார்கள். அடுத்த வருடம், 2015-ல், நாடு முழுக்கத் தடை. சிறுநீரக நோய் இல்லாத தேயிலை மலைகளுக்கும் சேர்த்து.

என் அம்மாவின் ஊர் அட்டன் பக்கம். களை மண்டிய மலையில் கொழுந்து பறிக்கிறது என்றால் என்ன என்று அங்கே போய்க் கேட்டால் தெரியும், அட்டையிலிருந்து குளவி வரைக்கும் சொல்லுவார்கள். ஆள் பற்றாக்குறையில் கையால் புல்லு வெட்ட முடியாத தோட்டங்கள் வேறு களைகொல்லிகளுக்குப் போயின, அதன் எச்சம் தேயிலையில் இருக்கிறதென்று ஜப்பான் கேள்வி கேட்டது. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்ந்தது. இந்தத் தடைக்கு முன் களத்தில் எண்ணியது யார், பின்னால் எண்ணுவதற்கு ஏற்பாடு என்ன, தடையால் சிறுநீரக நோய் குறைந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல எவரிடமும் ஒரு கொப்பி இல்லை.

2021 மே மாதம் இரசாயன உரத் தடை வந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: அந்த வருடம் ஜூலையிலேயே கொழும்பில் இருக்கிற வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிலையம் விவசாயிகளிடம் நாடளாவிய கருத்துக்கணிப்பு நடத்தியது. சேதன விவசாயத்துக்கு மாறுவதைப் பெரும்பான்மையானவர்கள் எதிர்க்கவில்லை, ஆனால் மாறுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் வேண்டும் என்றார்கள். அதாவது பதில் மேசையில் இருந்தது. நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் ஏற்கனவே தொடங்கிவிட்டது.

மூன்றாவதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொவிட்டில் இறந்தவர்களைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றது. நம் சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலும் அப்படித்தான் இருந்தது. மார்ச் முடிவதற்குள் அது மாறியது, ஏப்ரல் 11-ல் வர்த்தமானி வந்தது: எரித்தல் மட்டும். நிலத்தடி நீர் கெட்டுவிடுமாம். இலங்கையிலோ வேறெங்குமோ அப்படிக் காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையையும் அந்த டிசம்பரில் எரித்தார்கள். பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் ஆட்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள், கட்டக் கட்ட அதிகாரிகள் அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். எம்.ஆர்.ஐ.யிலிருந்து நடக்கிற தூரம்தான் அந்த வேலி.

அந்த நேரத்தில் நாட்டின் சமூக மருத்துவ நிபுணர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் புதைப்பதால் நீர் மூலம் தொற்று வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாக எழுதின. அப்படியும் 2021 பெப்ரவரி கடைசிவரை ஆனது, பிறகு எல்லாரையும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்ப் புதைக்கச் சொன்னார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது, நீரைப் பரிசோதித்த ஆய்வுகளைக் காரணமாகக் காட்டி. அந்தப் பரிசோதனையை முதலில் செய்திருக்கலாம் என்று சொல்லுவதில்கூட எனக்கு உடன்பாடில்லை. கேள்வி நேர்மையாக இருந்திருந்தால் பரிசோதனை தேவைப்பட்டிருக்காது. ஆய்வு நிலையங்களால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஆனால் அன்றைக்கு எழுதிவைத்த அந்த அறிக்கைகள் இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்பதற்குக்கூட ஒரு காகிதம் இருந்திருக்காது.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன், வத்தைகளுக்கு, அதாவது கொழும்பின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளுக்கு.

கொழும்பு மாநகர எல்லைக்குள் குறைந்த வருமானக் குடியிருப்புகள் எத்தனை என்று 2000களின் தொடக்கத்தில் சேவனத்தா என்ற அமைப்பும் மாநகர சபையும் சேர்ந்து எண்ணியபோது 1,614 என்று வந்தது, 77,000-க்கு மேல் குடும்பங்கள். நகரத்தின் பாதி. அதற்கு முன் அந்தப் பாதி எந்தக் கடதாசியிலும் முழுசாக இல்லை. குழாய், கக்கூசு, கான் என்று ஒவ்வொன்றையும் எந்த வத்தையில் முதலில் திருத்துவது என்று தீர்மானிக்க இந்தக் கணக்கு உதவியது. ஆனால் எண்ணுக்கு விசுவாசம் கிடையாது. ‘பாதி நகரம் சேரி’ என்ற இதே மாதிரிக் கணக்கைக் காட்டித்தான் 2010-க்குப் பிறகு ஆட்களைக் கிளப்பி, தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் மாடிக் கட்டடங்களில் ஏற்றினார்கள். நல்ல சீமெந்து வீடு வைத்திருந்தவர்களும் ‘சேரி’க் கணக்குக்குள் போனார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற ஆய்வு அமைப்பு அந்த மாடிகளுக்குள் போய் மறுபடி கேள்வி கேட்டு, பழைய வீட்டுக்கு ஈடு கிடைக்காததையும், 10 லட்சம் ரூபாய் வரைக்கும் தவணை கட்டச் சொன்னதையும், மீன் விற்கிறவர், கடலை விற்கிறவர் வண்டியை எங்கே விடுவது என்று தெரியாமல் நிற்பதையும் எழுதியது. ஒரு நிலையத்தின் எண்ணுக்கு இன்னொரு நிலையத்தின் எண்தான் பதில். சண்டை போட ஆள் இருக்க வேண்டும்.

களத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் காட்டுகிறேன். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வட கொழும்பின் மட்டக்குளியில் ஒரு வீடு. உணவு பற்றிய கேள்விகள். “கடந்த வாரம் வீட்டில் யாராவது ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்த்தீர்களா?” அக்கா பொதுக் குழாயடியில் துணி கும்மிக்கொண்டே “இல்லை மிஸ், மூன்று வேளையும்தான்” என்றார். சரி என்று ‘இல்லை’யில் புள்ளடி போட்டேன். அடுத்த கேள்விக்குப் போகும்போது பக்கத்தில் வாளி நிரப்பிக்கொண்டிருந்த மாமியார் சொன்னார், “மகள், அவள் மூன்று வேளையும் தின்கிறதுதான். மீன் வாங்கினால் துண்டு புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும், இவளுக்குச் சொதி. ஒரு மாசமா சொதிதான்.” அக்கா சிரித்துவிட்டு, “அதெல்லாம் எழுதாதீங்க மிஸ்” என்றார். எழுதினேன், ஓரத்தில் பென்சிலால், ஏனென்றால் அதற்குப் பெட்டி இல்லை. மாலையில் மேற்பார்வையாளரிடம் சொன்னபோது மற்றவர்களும் அதே மாதிரிக் கதைகளோடு வந்திருந்தார்கள். முன்னோட்டக் கணக்கெடுப்பு என்பதால் படிவத்தைத் திருத்த இன்னும் இடம் இருந்தது. வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று தனித்தனியாகக் கேட்கிற பகுதி அப்படித்தான் உள்ளே வந்தது.

சராசரி என்பது இப்படித்தான் ஆட்களை மறைக்கும். நாடு முழுக்க என்று பார்த்தால் 2016-ன் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டங்களை மட்டும் பிரித்து எடுத்தால் 100-க்கு 32. பிரித்து அச்சடிக்காவிட்டால் 17 என்ற எண்ணை வைத்துக்கொண்டு தெற்காசியாவில் நாங்கள்தான் முன்னுக்கு நிற்கிறோம் என்று பெருமை பேசிவிட்டுப் போயிருக்கலாம். அதே கணக்கெடுப்பின் முந்திய சுற்றில், 2006-07-ல், வட மாகாணமே இல்லை, யுத்தம். இல்லாத மாகாணத்துக்கு எந்தக் கணக்கை வைத்துத் திட்டம் போடுவது?

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த விஷயம் இன்னும் அவசரமானது. லர்ன்ஏசியா என்ற ஆய்வு நிலையம் 10,000 வீடுகளில் கேட்டு, 2019-ல் 30 லட்சமாக இருந்த ஏழைகள் 2023-ல் 70 லட்சமாகிவிட்டார்கள் என்றது. மக்கள் தொகையில் 31 சதவீதம். அந்த நேரத்தில்தான் ஏழைகளுக்கு அரசாங்கம் காசு கொடுக்கிற சமுர்த்தித் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. யாருக்குக் கிடைக்க வேண்டும் என்று குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிற முறை. கட்சிக்காரரின் கையிலிருந்து பட்டியலை எடுத்தது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குறிகாட்டிகளில் ஒன்று மின்சாரப் பாவனை. வத்தையில் ஒரு மீட்டரிலிருந்து மூன்று குடும்பம் வயர் இழுத்திருக்கும். மூன்று வீட்டு யூனிட்டும் ஒருவர் தலையில். அவர் கடதாசியில் வசதியானவர். சீமெந்துச் சுவர் இருந்தால் அதற்கும் புள்ளி குறையும், அந்தச் சுவர் 1990களில் வெளிநாடு போன அம்மா அனுப்பிய காசில் கட்டியதாக இருக்கும், இன்றைக்கு உள்ளே அரிசி இருக்காது. முதல் பட்டியல் வந்தபோது லட்சக்கணக்கில் மேன்முறையீடு போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. படிவத்தைத் தயாரித்த மேசைக்கும் மட்டக்குளிக் குழாயடிக்கும் நடுவில் ஒரு முன்னோட்டம் நன்றாக நடந்திருந்தால் பாதியை அங்கேயே பிடித்திருக்கலாம்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதம் என்ற மட்டத்தில்தான் வருடக்கணக்காக இழுபடுகிறது. பூச்சிமருந்து ஆய்வுக்குக்கூட பெரும்பகுதிக் காசு பிரித்தானியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தது. வெளிநாட்டுக் காசு என்றதும் சந்தேகப்படுகிறவர்களுக்கு என் பதில், சந்தேகப்படுங்கள், நல்லதுதான், யார் கேள்வியைத் தீர்மானித்தார்கள் என்று கேளுங்கள். என் முறைப்பாடு வேறு. திட்டங்கள் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று வருகின்றன. 20 வருடம் எண்ண வேண்டிய விஷயத்துக்கு யாரும் 20 வருடக் காசு தருவதில்லை. அதனால் ஒரு சுற்று நன்றாகக் கணக்கெடுத்து, அழகான அறிக்கை அடித்து, அடுத்த சுற்றுக்குக் காசில்லாமல் அலுமாரியில் வைத்துவிடுகிறோம். மாற்றம் என்பது இரண்டாவது சுற்றில்தான் தெரியும்.

விடாமல் எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு மலேரியாவைப் பாருங்கள். 1963-ல் நாடு முழுக்க 17 நோயாளிகள்தான். முடிந்தது என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள், சில வருடங்களுக்குள் 5 லட்சத்துக்கு மேல். இரண்டாவது தடவை அந்தப் பாடம் மறக்கவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012-ல், சான்றிதழ் 2016 செப்டெம்பரில். சான்றிதழ் வந்தும் நாரஹேன்பிட்டியில் தலைமையகம் வைத்திருக்கிற மலேரியாத் தடை இயக்கத்தின் ஆட்கள் நுளம்பு பிடிப்பதை நிறுத்தவில்லை. அந்த வருட இறுதியிலேயே மன்னாரில் ஒரு கிணற்றில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்புகிற அனோபிலிஸ் ஸ்டெபென்சை நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். இலங்கையில் அதுவரை இல்லாதது. சான்றிதழ் வாங்கிய கையோடு வீட்டுக்குப் போயிருந்தால் அதை முதலில் பார்த்திருப்பது ஆஸ்பத்திரி வார்டாக இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யாராவது படிவத்தோடு உங்கள் கதவைத் தட்டினால் முதலில் அடையாள அட்டையையும் கடிதத்தையும் கேளுங்கள், தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள், விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம், எங்களுக்குக் கோபம் வராது. அறிக்கை எங்கே, எப்போது வரும் என்றும் கேளுங்கள். அரசாங்க நிறுவனமாக இருந்தால் 2016-ன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதியே கேட்கலாம். அப்புறம், உங்கள் மீட்டரில் எத்தனை குடும்பம் என்று நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.